அருவியும் கயிறும்

லிந்துலையிலிருந்து தலவாக்கலையைக் கடந்து அட்டன் வீதியிற் சென்றால் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தென்படும். பார்த்து மகிழ்வதோடு நில்லாது, கயிறு கட்டி அருவிகளில் இறங்க விரும்பும் உல்லாசப் பிரயாணிகள் இக்காலத்திற் பலர். அவ்விருப்பத்தை நிறைவேற்றி ஊதியங் காண நம் தோட்டத்து வாலிபர் எண்ணினால் நாம் குறை கூறோம். கொழுந்துக் கூடைக்கு அப்பாலும் பிழைப்பு வேண்டுமன்றோ?

ஆயினும் டைட்டன் கதையை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. 2023 ஜூன் 18ஆம் நாள், சுமார் 3,800 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற அந்நீர்மூழ்கி நசுங்கி ஐவர் மாண்டனர். காபன் இழையால் அதன் உடலை அமைத்தது புதுமை. வெளியார் எவரும் சோதித்துச் சான்றளிக்க இடங்கொடாமையே பெரும் பிழை. 2018இலேயே வல்லுநர் எச்சரித்தனர். 2022 ஜூலையில் ஒரு பயணத்தின்போது பேரோசை எழுந்தது. கருவிகளும் மாற்றத்தைக் காட்டின. மறு ஆண்டும் அதே உடலோடு இறங்கினார்கள். நிறுவனத் தலைவர் ஸ்டொக்டன் ரஷ்ஷும் இறந்தோரில் ஒருவர்.

நம் அருவிக்கு மேலே மேல் கொத்மலை அணை இருக்கிறது. மழை மிகுந்தால் வான்கதவுகள் திறக்கப்படும். காலையிற் காய்ந்து கிடந்த பாறையிற் பிற்பகலில் வெள்ளம் பாயும். ஆதலால் கயிறு வாங்குமுன், அணையிலிருந்து உடனுக்குடன் செய்தி பெறும் வழியைத் தேடுக. கயிற்றை, அதனை விற்காத ஒருவர் சோதிக்கட்டும். ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம், பணம் வாங்குபவரிடமன்றிக் கயிற்றைப் பிடிப்பவரிடம் இருக்கட்டும். வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார், கொடுத்துவிடலாம்.