சீர்வரிசைத் தட்டில் சம்பளம் வைக்க முடியாது

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது என்று நினைப்பவர்கள், ஒரு முறை திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வரட்டும். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே எத்தனை கடிதம் போனது என்பது அங்கே யாருக்கும் கணக்கில்லை. வீட்டுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் இந்த வாரம் வருவாரா என்பதுதான் அங்குள்ள கேள்வி.

பள்ளிக்கு வர முடியாத அளவு உடல் முடங்கிய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்றுத்தர, வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் போகிறார். பேருந்து நிற்கும் இடத்தில் இறங்கிச் சோளக்காட்டு ஓரமாக நடக்கிறார். தாய் நூல் மில்லுக்குப் போயிருப்பார். வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். பயிற்றுநர் பாயில் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, இறுகிக் கிடக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போடப் பழக்குகிறார். தண்ணீர் டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க அந்தப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் பயிற்சி நின்றுபோனால் விரல்கள் மறுபடியும் இறுகிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொகுப்பூதியத்தில் இருக்கும் இந்தப் பயிற்றுநரின் சம்பளம், டெல்லி நிறுத்தி வைத்த அந்தத் திட்டத்திலிருந்துதான் வருகிறது. மில் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்தும் சிறப்புப் பயிற்சிக்கும், பேருந்து போகாத மலைக் குடியிருப்புகளின் மாணவர்களை அழைத்துவரும் வண்டிச் செலவுக்கும் அதே கணக்கில்தான் பணம். செலவில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. அந்த 60 வராமல் போனதால், மாநில அரசு சொந்த நிதியை எடுத்துச் சமாளித்தது. எத்தனை நாளைக்குச் சமாளிக்க முடியும்?

ஊர் கூடி உதவலாமே என்று சிலர் சொல்கிறார்கள். உதவாமலா இருக்கிறது? மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, மின்விசிறி, தட்டு, டம்ளர் எல்லாம் ஊர்வலமாக எடுத்துப்போய்ப் பள்ளியில் வைக்கும் கல்விச் சீர் இன்று கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. காமராஜர் ஆட்சியில் 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நன்கொடை திரட்டின. பக்கத்து மதுரை மாவட்டத்துக் கொடிக்குளத்தில், மறைந்த மகளின் நினைவாக ஆயி பூரணம் அம்மாள் ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். 2022 டிசம்பரிலிருந்து 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற நன்கொடைத் திட்டமும் இருக்கிறது. இந்த மண்ணில் கொடுக்கும் மனதுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் நன்கொடை பொருளாக வரும். மாதாமாதம் சம்பளமாக வராது. 1963-ல் விடுதலை பெற்ற கென்யா இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 'ஹராம்பி' என்று ஊரார் சேர்ந்து பணம் திரட்டி நூற்றுக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள். காப்பியும் தேயிலையும் விளைந்த செழிப்பான மேட்டுநிலத்தில் பள்ளிகள் பெருகின. ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் வறண்ட வடக்கில் மிகக் குறைவு. கட்டிய இடங்களிலும் பயிற்சி பெற்ற ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாமல் பல பள்ளிகள் திணறின. நன்கொடையை மட்டும் நம்பினால், வசதி இருக்கும் ஊருக்கே பள்ளி கிடைக்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குக் கொடுக்க ஆள் உண்டு. தலைமுறைகளாக நடந்தே ஏறி இறங்கிய மலைக் கிராமமான வெள்ளகவிக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, மும்மொழி கேட்கும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு பணம் என்பதுதான் டெல்லி எடுத்த நிலை. அது வேறு திட்டம், இது வேறு திட்டம். இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025-ல் சொன்னது. கல்வி உரிமைச் சட்டப்படி தர வேண்டிய தொகையைக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. அந்த ஆண்டு தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நடக்க வேண்டிய சேர்க்கை, காலாண்டுத் தேர்வெல்லாம் முடிந்து அக்டோபரில்தான் தொடங்கியது. திண்டுக்கல் பூட்டுக்கும் நூலுக்கும் வரி வசூலிக்கும்போது யாரும் கொள்கை கேட்பதில்லை. அந்த வரியின் பங்கு திரும்பி வரும்போது மட்டும் நிபந்தனை எதற்கு?

டெல்லிக்கு இது புதிய பழக்கமும் அல்ல. 2022 நவம்பரில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மை மாணவர்களின் கல்வி உதவித்தொகையை, விண்ணப்பங்களெல்லாம் வந்து சேர்ந்த பிறகு நிறுத்தினார்கள். அதே குளிர்காலத்தில் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய கூலி பாக்கி 4,034 கோடி ரூபாய் என்றானது; வெயிலில் மண் வெட்டிய பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பக் காரணம், ஆவணக் காரணம், ஒப்பந்தக் காரணம் என்று ஏதோ ஒன்று சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அடி விழுவது எதிர்த்துப் பேச முடியாதவர் வயிற்றில்தான். மொழிக் கொள்கையில் மாநிலத்தைப் பணிய வைக்க, விரல் விரிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பிணையாக வைப்பது அரசு செய்யும் காரியமே அல்ல. இது அநியாயம்.

கொள்கைச் சண்டையைத் தனியே போடட்டும். பிள்ளைகளின் பணத்தை அதிலிருந்து பிரிக்க இரு அரசுகளும் உட்கார்ந்து ஒரு வழி காண வேண்டும். கல்விச் சீர் கொடுப்பதை மக்கள் நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த முறை அந்தத் தட்டைத் தூக்கும்போது, விழாவுக்கு வரும் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் நம் வரிப்பணத்தின் பங்கு எங்கே என்று மேடையிலேயே கேளுங்கள்.