பையை விடுங்க, பழைய பெட்டியைப் பாருங்க

"வீட்டு சேர்வருக்கு ராஸ்பெரி பை வாங்கலாமா?" கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான். எங்கள் கருத்து: இப்போதைக்கு வேண்டாம்.

முதலில், சேர்வர் எதற்கு? ஒரு லயத்தில் பத்து வீடு என்று வையுங்கள். ஐந்து வீட்டில் சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள். ஒரே கடந்தகால வினாத்தாளை, ஒரே கணித வீடியோவை ஐந்து பேரும் ஐந்து டேட்டா கார்ட் போட்டு இறக்குகிறார்கள். ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெட்டி இருந்தால் ஒரு தடவை இறக்கினால் போதும், மற்றவர்கள் வைஃபையில் டேட்டா இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் அதற்குள் வந்துவிடும். 2020இல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடம் எல்லாம் போனுக்கு வந்தபோது தெஹியோவிட்டையிலும் இறக்குவானையிலும் சிக்னல் தேடி மேட்டில் ஏறின பிள்ளைகளுக்கு இதன் அருமை விளங்கும்.

சரி, எந்தப் பெட்டி? யாரோ சும்மா தருகிற பழைய டெஸ்க்டொப்பை வாங்கிப் போடலாம் என்பார்கள். சும்மா கிடைப்பதுதான் ஆகச் செலவானது. சும்மா இருக்கும்போதே 60 வொட் இழுக்கும் பெட்டியை இரவு பகலாகப் போட்டால் மாதம் 43 யுனிட். இலங்கையில் 60 யுனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டணம், தாண்டினால் வேறு கட்டணம். இரண்டு பல்பும் ஒரு டீவியும் உள்ள காம்பரா இந்த ஒரு பெட்டியாலேயே எல்லை தாண்டிவிடும்.

ராஸ்பெரி பை 4 சும்மா இருக்கையில் சுமார் 3 வொட்தான். மாதம் இரண்டு யுனிட் சொச்சம். கரண்ட் கணக்கில் அதை வெல்ல ஆள் இல்லை. ஆனால் விலை? 2012இல் முதல் பை 35 டொலருக்கு வந்தபோது நம் காசுக்கு நாலாயிரம் சொச்சம். 2022இல் டொலர் 200இலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்தது. அதே நேரம் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, பையே கிடைக்கவில்லை. 2021 ஒக்டோபரில் 2 ஜிபி பை 4இன் விலையை நிறுவனமே 35இலிருந்து 45 டொலருக்கு ஏற்றியது. போர்டை வாங்கியபின் அடப்டர், கேஸ், மெமரி கார்ட் எல்லாம் தனிச்செலவு. அந்த மெமரி கார்ட்தான் பெரிய வில்லன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்ட் கெட்டுப்போகும். நம்ம பக்கம் கரண்ட் போவதற்கு மழை இருட்டினாலே போதும்.

ஆகவே நாங்கள் சொல்வது, கந்தோர்களிலிருந்து கழித்து விற்கப்படும் மினி பீசி. லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி என்று பல பெயர். ஒரு தடித்த புத்தகம் அளவுதான். ஆறாம் தலைமுறை இன்டெல் என்றால் சும்மா இருக்கையில் பத்து வொட் சுற்றி, மாதம் ஏழு யுனிட். எஸ்எஸ்டி, ரேம், கேஸ், அடப்டர் எல்லாம் சேர்ந்தே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொழும்பு யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் விலையைக் கேட்டுவிட்டு உடனே காசை நீட்டாதீர்கள். அடப்டரைச் செருகி அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், நம்ம காசு.

ரவுட்டருக்கும் பையை யோசிக்கிறார்கள். அதில் நெட்வொர்க் துளை ஒன்றுதான், இன்னொன்றுக்கு யூஎஸ்பி அடப்டர் வேண்டும். அதைவிட ஓபன்டபிள்யூஆர்டி போடக்கூடிய பழைய ரவுட்டர் ஒன்று தேடுங்கள். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருக்க வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ளதை ஆயிரம் ரூபாய்க்குத் தந்தாலும் வாங்க வேண்டாம், புதிய பதிப்புகள் அதில் ஏறாது.

இடி பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் விழும் இடி தெரியும்தானே. லயத்துக்கு லயம் கூரைமேல் செப்பு நெட்வொர்க் கேபிள் இழுத்தால், ஒரு மின்னலில் இரண்டு பக்கப் பெட்டிகளும் போய்விடும். வெளியே கேபிள் வேண்டாம், வைஃபை எட்டும் தூரம் போதும். வானம் இருண்டதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மினி பீசிக்கு அநேகமாக 19, 20 வோல்ட் அடப்டர்தான். அதனால் ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் அதற்கு உதவாது. கரண்ட் போனால் சேர்வர் தூங்கட்டும், வந்ததும் தானாகவே எழும்பும்படி பயோஸில் மாற்றி வைக்கலாம்.

மிச்சம் அந்த ஏழு யுனிட். பெட்டி இருக்கிற வீட்டு மீட்டரில்தான் அது ஓடும். இலவசம் என்று சொல்லி அந்த வீட்டு அக்கா தலையில் கட்டாதீர்கள். பெட்டி வாங்குவதற்கு முன்னாலேயே, எந்த வீடு மாதம் எவ்வளவு தரும் என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.