பனிச்சறுக்குக்கும் தீபாவளிச் சீட்டா?

டிஸ்கி: கொஞ்சம் நீளம். காபியோடு உட்காரவும். ஸ்னோபோர்டு ஓட்டத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம், தப்பில்லை. இந்தச் சண்டை இன்னும் ஓட்டாதவர்களுக்காக.

கடைசி நேரத்தில் வருகிறவனிடம் கூடுதலாகப் பிடுங்குவது புதுசு இல்லை. நம்ம ஊர் தட்கல் அதுதானே? ஆனால் தட்கலில் ஒரு நியாயம் இருக்கிறது. பெர்த் கொஞ்சம், கேட்கிற ஆள் நிறைய. ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு பேர் உட்காரும் லிஃப்ட் நாற்காலிகள் ஆளே இல்லாமல் மலையேறிக்கொண்டிருக்கின்றன. அதே நேரத்தில் கீழே கவுண்டரில் நிற்கும் மாணவனிடம் "இன்றைக்கே வாங்கினால் இந்த விலை" என்று சீசன் உச்சத்து ரேட்டுக்குக் கொஞ்சமே குறைவான ஒரு தொகையைச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? பி.காம். மூன்றாம் வருடப் பாடப்புத்தகத்தில் விலைப் பாகுபாடு என்று நாகரிகமாகப் போட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் மிரட்டல் என்பேன்.

முதலில் நம்ம ஆட்களோடு ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். "பனியில் சறுக்குறதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, கனடாவுக்குப் படிக்கப் போனவனுக்கு அது எதுக்கு?" ஊரில் பெரியப்பா கேட்டது. வான்கூவரில் பக்கத்து அறைத் தமிழ்ப் பையனும் இதையே கேட்டான். பெரியப்பா, ஸ்னோபோர்டு பிறந்த கதை தெரியுமா? 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண் குழந்தை விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்து அது பொம்மையாகத்தான் விற்றது. 1977-ல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட்டில் பலகை செய்ய ஆரம்பித்தபோதும், பெரும்பாலான பனி மலைகளில் பலகையோடு வந்தவனை லிஃப்ட்டில் ஏற்றவே மாட்டார்கள். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறிய பசங்க வளர்த்த விளையாட்டு இது. 1998 நாகானோவில்தான் ஒலிம்பிக்குக்கே வந்தது.

இன்றைக்கும் அமெரிக்காவில் மூன்று மலைகள் பலகையைத் தடுக்கின்றன: ஆல்ட்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென். ஆல்ட்டா மேல் 2014-ல் வழக்கே போட்டார்கள். அது இருப்பது அரசு வன நிலம், அங்கே எங்களை எப்படித் தடுக்கலாம் என்பது வாதம். 2016-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மேட் ரிவர் க்ளென் 1995-லிருந்து சறுக்குபவர்களே பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவு மலை. கூட்டுறவு என்றதும் எனக்குக் காதல் வந்துவிடும், ஆனால் என் பலகைக்கு அங்கே இடமில்லை :-(

சரி, மேட்டருக்கு வருவோம்.

பெரிய மலைகளின் வியாபாரம் 2008-ல் மாறியது. கொலராடோவின் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் அந்த வருடம் 'எபிக் பாஸ்' என்று ஒன்றை 579 டாலருக்கு விட்டது. சீசன் முழுக்க, அவர்களுடைய மலைகளில் எத்தனை நாள் வேண்டுமானாலும் சறுக்கலாம். உண்மையிலேயே மலிவு, அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். பிறகு அவர்கள் வரிசையாக மலைகளை வாங்கினார்கள். 2016-ல் நம்ம விஸ்லர் பிளாக்கோம்பையும் சுமார் 140 கோடி கனடா டாலருக்கு வாங்கினார்கள். இப்போது 40க்கும் மேற்பட்ட மலைகள், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து வரை. 2018-ல் போட்டிக்கு ஆல்ட்டெரா நிறுவனத்தின் 'ஐகான் பாஸ்' வந்தது. வட அமெரிக்காவின் பெயர் பெற்ற மலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பாஸில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டன.

இதை ஒரு அக்கவுண்ட்ஸ் மாணவனாகப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். பாஸ் விற்பனை மார்ச் வாக்கில் தொடங்கி, டிசம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். அதாவது, அடுத்த குளிர்காலத்தின் முதல் பனி விழுவதற்கு முன்பே இலட்சக்கணக்கானவர்களின் பணம் கம்பெனி கையில். கணக்கில் அது வருமானம் ஆகாது; முன்கூட்டிப் பெற்ற வருமானம் என்று பொறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், சீசன் நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்துக்கு மாறும். ஊரில் அம்மா மாதாமாதம் கட்டும் தீபாவளிச் சீட்டு ஞாபகம் வருகிறதா? அதே சங்கதி. ஒரே வித்தியாசம், அம்மாவுக்குத் தீபாவளிக்குப் பட்டாசும் ஸ்வீட் பாக்ஸும் நிச்சயம் வரும். இங்கே பனி வருமா என்பது மேகத்துக்குத்தான் தெரியும். 2023-24 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனி இயல்பைவிட ரொம்பக் குறைவு. பணம் கட்டினவன் கட்டினதுதான்.

முன்பெல்லாம் பனி பொய்த்தால் நஷ்டம் மலைக்காரருக்கு. இப்போது வாடிக்கையாளனுக்கு. அபாயத்தை இடம் மாற்றிவிட்டு, மாற்றிக்கொண்டவனுக்குத் தள்ளுபடி என்று பெயர் சொல்கிறார்கள். அதையும் நான் ஏற்றுக்கொள்வேன், அது இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நடக்கும் ஒப்பந்தம். சீட்டில் சேராதவனுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பாஸ் மலிவாகத் தெரிய வேண்டுமானால் ஒருநாள் டிக்கெட் பயங்கரமாகத் தெரிய வேண்டும். விஸ்லரிலேயே உச்ச நாட்களில் கவுண்டர் விலை 300 கனடா டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் பெரிய மலைகளில் 300 அமெரிக்க டாலர். அந்த விலையில் விற்க வேண்டும் என்று அவர்களுக்கே பெரிய ஆசை இல்லை. அது ஒரு சோளக்கொல்லை பொம்மை. அதைப் பார்த்து நீங்கள் பயந்து ஓடிப்போய்ப் பாஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். வருடத்துக்கு 20 நாள் போகிறவன் ஓடுவான். ஒரே ஒரு நாள், விளையாட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க வருகிறவன் எங்கே ஓடுவது?

எங்கள் கூட்டத்திலிருந்தே சொல்கிறேன். தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசியில் ஐந்து பேர் போனோம். எந்த மலை என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, ஐந்து பேரும் ஒரே அறை. இரண்டு பேரிடம் பாஸ். நானும் இன்னொருத்தனும் மூன்று நாள் முன்னாடியே ஆன்லைனில் டிக்கெட் வாங்கிவிட்டோம், ஆளுக்கு 130 சொச்சம். ஐந்தாமவனுக்கு வேலை செய்யும் கடையில் லீவு கிடைத்ததே முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு. அவனுக்குக் கவுண்டரில் 190. பலகை, பூட்ஸ் வாடகை தனி.

190 டாலரை அறுபது சொச்சத்தால் பெருக்கி ரூபாய் ஆக்கும் வியாதி எங்கள் எல்லோருக்கும் உண்டு, அதை விடுங்கள். கனடாக் கணக்கிலேயே பார்ப்போம். 2025 ஜூனில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.85 டாலர் ஆனது. 190 டாலர் என்றால் பத்தரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமான வேலை, பிடித்தம் போவதற்கு முன்னால். வெளிநாட்டு மாணவன் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது 2024 நவம்பரில் வந்த விதி. அவனுடைய ஒரு வாரத்து உழைப்பில் ஏறக்குறைய பாதி, ஒரு நாள் லிஃப்ட் ஏறுவதற்கு. "நீங்க போங்கடா, நான் கீழே சுத்திப் பார்க்கிறேன்" என்றான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தருகிறோம் என்றோம், கேட்கவில்லை. சாயங்காலம் வரை கீழே ஒரு கடையில் ஒரே காபியோடு எங்கள் பைகளுக்குக் காவல். அன்றைக்கு நாங்கள் எடுத்த எந்தப் போட்டோவிலும் அவன் இல்லை.

அந்த 190-க்கு மேலே என்ன கிடைத்தது தெரியுமா? வசந்தகாலப் பனியின் குணம் போகாதவர்களுக்குத் தெரியாது. ராத்திரி உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து வருவதால் காலை ஒன்பது மணிக்கு மொசைக் தரை. விழுந்தால் மணிக்கட்டு பேசும். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை மேல் தோல் இளகி உப்புமா ரவை மாதிரி பொலபொலவென்று ஆகும். ஆகா, அந்த இரண்டு மணி நேரம் சொர்க்கம்! என்னை மாதிரி அரைகுறைகள்கூடக் குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்குப் பயமில்லாமல் பலகையைத் திருப்பலாம். இரண்டு மணிக்கு மேல் இட்லி மாவு. சமதளம் வந்தால் பலகை அப்படியே நின்றுவிடும்; ஸ்கீக்காரன் குச்சியை ஊன்றிப் போய்விடுவான், நாம் ஒரு காலைக் கழற்றி நொண்டியடிக்க வேண்டும். அடிவாரத்தில் பனியே இல்லை, புல்லும் சேறும். கீழ்ப்பாதி மலை மூடியாயிற்று, இறங்கவும் கொண்டோலாதான். திறந்திருந்த லிஃப்ட்கள் பாதிகூட இல்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஆடி மாதம் எந்தக் கடைக்காரராவது சித்திரை விலை சொல்வாரா? மிச்சம் இருக்கிற சரக்கைத் தள்ளிவிடத்தானே பார்ப்பார்? காலி நாற்காலி மேலே போய் வருவதற்கும், ஆள் உட்கார்ந்து போய் வருவதற்கும் மலைக்காரருக்குச் செலவு வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நாற்காலியில் என் நண்பனை 60 டாலருக்கு உட்கார வைத்திருந்தால் 60 டாலர் வரவு. வைக்காததால் ஒரு காபி காசு வரவு. தெரிந்தேதான் இழக்கிறார்கள். கவுண்டரில் இளகினால் அடுத்த வருடம் யாரும் சீட்டு கட்டமாட்டான் என்ற பயம். பாஸின் மதிப்பைக் காப்பாற்றுவதற்கு அவன் தண்டம் கட்டினான்.

"லிஃப்ட், பாதுகாப்பு, மீட்புப் படை, எல்லாவற்றுக்கும் செலவு ஆகிறதே" என்று ஒரு பதில் வரும். ஆகிறதுதான். அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகிறதா என்று பார்ப்போமா? 2024 டிசம்பர் 27-ல் யூட்டாவின் பார்க் சிட்டியில் மீட்புக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பனிச்சரிவு வராமல் வெடி வைப்பதிலிருந்து உடைந்த காலைக் கட்டிக் கீழே இறக்குவது வரை இவர்கள்தான். ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலர், அதை 23 ஆக்குங்கள் என்பது கோரிக்கை. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம், மலையில் பெரும்பகுதி மூடல், டிக்கெட்டோ 300 டாலருக்கு மேல். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடந்து, ஜனவரியில்தான் முடிந்தது. எட்டு மணி நேரம் உயிரைப் பணயம் வைப்பவருக்கு 168 டாலர், அவர் காப்பாற்றும் ஆளின் ஒருநாள் டிக்கெட் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"தனியார் வியாபாரம், பிடிக்காவிட்டால் போகாதே" என்பது அடுத்த பதில். இதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரும். பலகையைத் தடுத்தபோதும் இதே வசனம்தானே? மலை யாருடையது? விஸ்லர் உட்பட பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரிய சறுக்கு மலைகள் பெரும்பாலும் அரசு நிலத்தில் குத்தகைக்கு நடப்பவை. விஸ்லர், பிளாக்கோம்ப் மலைகளுக்கு 2017-ல் மாகாண அரசு 60 வருட ஒப்பந்தம் போட்டது. அதற்கும் முன்னால் அது ஸ்குவாமிஷ், லில்வாட் மக்களின் நிலம். பொது நிலத்தில் அறுபது வருடம் கடை போட அனுமதிக்கும்போது, "சீட்டு கட்டாமல் வாசலில் வந்து நிற்பவனுக்கும் ஒரு நியாயமான விலை வை" என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? எத்தனை விழுக்காடு மலை திறந்திருக்கிறதோ அதற்கேற்ப அன்றைய விலை இறங்க வேண்டும் என்று இன்னொரு வரி. முதல் தடவை வருகிறவனுக்குக் கீழ்ச்சரிவு மட்டும், பாடத்தோடு, ஒரு டிக்கெட். நான் இலவசம் கேட்கவில்லை.

கனடாவில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஸ்னோபாஸ்' என்று ஒன்று இருக்கிறது. சின்னக் கட்டணம் கட்டினால் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மலையிலும் மூன்று நாள். அருமையான திட்டம். ஏன் தருகிறார்கள்? பத்து வயதில் பழகினவன் ஆயுளுக்கும் வாடிக்கையாளன். அப்படியென்றால் பத்தொன்பது வயதில் விமானம் ஏறி வந்தவனுக்கும் அந்தக் கணக்கு பொருந்துமே! எங்கள் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பனியையே முதல் தடவை பார்ப்பவர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் சென்னை, லாகோஸ், மணிலாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. மலை கண்ணுக்கு எதிரே தெரிகிறது.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்? வடக்கு வான்கூவர் பக்கம் சீமோர், க்ரவுஸ், சைப்ரஸ் மலைகளில் விளக்கு போட்டு ராத்திரியும் சறுக்க விடுகிறார்கள், பகலைவிட மலிவு. டெரஸ் ஊர்க்காரர்கள் ஷேம்ஸ் மலையை விலைக்கு வாங்கி, இலாப நோக்கில்லாத கூட்டுறவாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள், வான்கூவரிலிருந்து ரொம்ப தூரம்தான். அங்கே பலகைக்குத் தடை இல்லை :-)

எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் அடுத்த சீசனுக்கான பாஸை வாங்கியாயிற்று. மூன்றாமவன் வாங்கலாமா என்று எக்செல் போட்டுக்கொண்டிருக்கிறான். நான் வாங்கப்போவதில்லை, டிசம்பர் வந்தால் சீமோர் ராத்திரி டிக்கெட் ஐந்து எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்தாமவனுக்கு வியாழக்கிழமைதான் லீவாம்.