காணப் பழகுவோம், வரையப் பழகுவோம்

ஓவியம் வரைதல் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அதனால் பள்ளிப் பருவத்தோடு வரைவதைக் கைவிட்டவர்களே நம்மில் மிகுதி. இவ்வெண்ணம் பிழையானது என்பதும், இதனால் தமிழ்க் கல்வியும் இழப்புக்கு உள்ளாகிறது என்பதும் நமது கருத்தாகும்.

பெரும்பாலோர்க்கு ஏன் வரைய வரவில்லை என்று 1997இல் கோகன், பென்னட் என்னும் உளவியலார் ஆராய்ந்தனர். வரைவோர் எதிரிலுள்ள பொருளைப் பிழைபடக் காண்பதே முதன்மைக் காரணம் என்றும், கையின் திறக்குறைவு சிறு காரணமே என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே பயிற்சி வேண்டுவது முதலில் கண்ணுக்கேயாம். தாளை நோக்காது பொருளின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தவாறே வரைதல், பொருளைச் சூழ்ந்த வெற்றிடத்தின் வடிவை வரைதல் ஆகியன இதற்கென ஆசிரியர்கள் கையாளும் பயிற்சிகள்.

கூர்ந்து கண்டு வரைவதன் பயனைப் பழனி மலையிலேயே காணலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் சூரியனின் கரும்புள்ளி முதலிய கூறுகளை 1904 முதல் வண்ணக் குறிகளுடன் கையால் வரைந்து வந்தனர். அவ்வரைபடங்கள் இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. பழனி மலைத் தாவரங்களை ஆராய்ந்த அருட்தந்தை கே.எம். மேத்யூ, அவற்றின் கோட்டோவியங்களை 1996இல் தனி நூலாகவே வெளியிட்டார். இலையின் நரம்பையும் இதழின் அடுக்கையும் பிரித்துக் காட்டச் சொல் மட்டும் போதாது என்பதை இந்நூல் உணர்த்துகிறது.

இனி நம் வகுப்பறையை நோக்குவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்குகிறார். மாணவர் அப்பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். காந்தள் எது, வெட்சி எது என வினவினால் விழிக்கின்றனர். பெயரளவில் நின்றுவிடும் மலர், பாட்டின் பொருளை எங்ஙனம் விளக்கும்? எழுதிப் பார்த்த சொற்களைவிட வரைந்து பார்த்த சொற்களே மிகுதியாக நினைவில் நிற்கின்றன என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வும் ஈண்டு எண்ணத்தக்கது.

உயிரினங்களின் உருவங்களை வரைவதில் நம் குடும்பங்கள் பலவற்றில் தயக்கம் உண்டு. எனினும் மரமும் செடியும் மலையும் வரைவதற்குத் தடையில்லை என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஆகவே பெரியோர்களும் இம்முயற்சிக்குத் துணைநிற்க இயலும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. சங்க இலக்கியம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் வாரம் ஒரு மலரையேனும் நேரில் கண்டு வரையட்டும். அழகுக்கு மதிப்பெண் வேண்டா. இதழ் எத்தனை, இலை எவ்வாறு அமைந்தது என்பதைச் சரியாகக் கண்டாரா என்பதை மட்டும் ஆசிரியர் நோக்கினால் போதும். பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி, 2018இல் கொடைக்கானல் மலைகளில் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அன்று மலையேறும் நம் மாணவர் கூட்டம், குறிஞ்சியின் பெயரை மட்டுமன்றி அதன் வடிவையும் அறிந்து திரும்பும் வகையில் இன்றே பயிற்சியைத் தொடங்குவோம்.