ஆறு ஆண்டு போதாது

2019 ஏப்ரல் 18. புதுச்சேரியின் தட்டாஞ்சாவடித் தொகுதியில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி. விரலில் மை வைக்கும் வேலை எனக்கு. மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால் ஆளுக்கு இரண்டு மிஷினில் ஓட்டு. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இடது விரலை நீட்டிக்கொண்டே கேட்டார்: “எம்எல்ஏவுக்குத்தான் மூணு வருஷம் முன்னாடியே போட்டோமே தம்பி, மறுபடி எதுக்கு?” தேர்தல் பணியில் இருப்பவன் அதற்கெல்லாம் வாய் திறக்கக் கூடாது. மையைத் தடவி அனுப்பிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, சொல்லலாம்.

2016-இல் அங்கே ஜெயித்தவர் என்.ஆர். காங்கிரஸின் அசோக் ஆனந்த். வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கில் 2018 அக்டோபர் கடைசியில் புதுச்சேரி சிறப்பு நீதிமன்றம் அவருக்கும், பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்த அவருடைய தந்தைக்கும் ஓராண்டு சிறை விதித்தது. நவம்பரில் பதவி போயிற்று. மற்றக் குற்றங்களில் பெரும்பாலும் இரண்டாண்டு தண்டனை இருந்தால்தான் பதவி போகும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் அபராதம் மட்டும் விதித்தாலே போதும். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டுப் பதவியில் தொடர்ந்தார்கள். 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. நல்ல தீர்ப்பு.

ஆனால் விடுதலையாகி ஆறு ஆண்டு கழிந்தால் மறுபடி நிற்கலாம். அடிதடி, ஆர்ப்பாட்டம் போன்ற வழக்குகளில் உள்ளே போனவருக்கு இது நியாயம்தான். தண்டனை அனுபவித்தவனை ஊர் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொதுப்பணத்தில் கை வைத்தவருக்கும் லஞ்சம் வாங்கியவருக்கும் அதே ஆறு ஆண்டு என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்க நிற்கக் கூடாது.

“மக்களே பார்த்துக்கொள்வார்கள், தடை எதற்கு?” என்பார்கள். அமெரிக்காவில் அப்படித்தான், 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான டிரம்ப் நவம்பரில் ஜெயித்தார். எங்கள் ஊர் அவ்வளவு பெரிதில்லை. சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். ரேஷன் கார்டா, முதியோர் பென்ஷனா, ஜிப்மரில் அட்மிஷனா, எல்லாவற்றுக்கும் எம்எல்ஏ வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறோம். நாளைக்கும் அதே வாசலில் நிற்க வேண்டியவர் இன்றைக்கு எவ்வளவு துணிந்து மிஷினைத் தொடுவார்?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்த நாட்டு ஜனாதிபதி தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுபவர். 2025 மார்ச் 31-இல் ஐரோப்பிய நாடாளுமன்றப் பணத்தை முறைகேடாகச் செலவழித்த வழக்கில் பிரெஞ்சு வலதுசாரித் தலைவர் மரின் லெ பென்னுக்கு, தேர்தலில் நிற்க பாரிஸ் நீதிமன்றம் ஐந்தாண்டு தடை விதித்தது, அப்பீல் போனாலும் உடனே அமல் என்று. சொல்தாவுக்குக் கோபம். “கடைசித் தீர்ப்பு வர்றதுக்குள்ள எப்படிப்பா தடுக்கலாம்?” என்றார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜெயலலிதா வழக்கில் 2014 செப்டம்பரில் தண்டனை, 2015 மே மாதம் விடுதலை, அவர் மறைந்த பிறகு 2017 பிப்ரவரியில் அந்த விடுதலையும் ரத்து. தீர்ப்பு இப்படி மாறும் என்பதால், வாழ்நாள் தடை உச்ச நீதிமன்றம் வரை உறுதியான பிறகே தொடங்கட்டும். அதுவரை இப்போதுள்ள தடை இருக்கட்டும்.

வாழ்நாள் தடை கேட்ட வழக்கில், ஆறு ஆண்டே பொருத்தம், மாற்றுவதானால் அது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2025 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதைப் படித்தபோது என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஞாபகம் வந்தார். ஒரு சான்றிதழுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிப் பிடிபட்டவர். தண்டனை, டிஸ்மிஸ், பென்ஷன் இல்லை. அவர் செய்தது தப்பு, தண்டனை சரி. பிறகு பல வருஷம் ஒரு புங்கமரத்தடியில் அட்டையை மடியில் வைத்து மனு எழுதிக் கொடுத்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “அண்ணே, நான் வெளிய வந்து ஆறு வருஷம் ஆச்சு. பியூன் வேலைக்காவது எடுப்பாங்களா?”

எடுக்க மாட்டார்கள் என்றேன். எம்எல்ஏவுக்கு நிற்கலாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.