வாக்கில்லாதவனுக்குச் சட்டம் ஏது? அலபாமா அட்டார்னி ஜெனரல் தேர்தல் புகட்டும் பாடம்

“அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே அரசாங்க வக்கீலைக்கூட ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவல்லவா ஜனநாயகம்!” என்று மெச்சிக்கொள்ளும் கனவான்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 43 மாநிலங்களில் அட்டார்னி ஜெனரல் என்னும் தலைமைச் சட்ட அதிகாரியை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டில் மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலைக் கவர்னர் நியமிக்கிறார். அங்கே அந்தப் பதவிக்கு வேட்பாளர் உண்டு, பிரசாரம் உண்டு, ஓட்டுப் பெட்டி உண்டு. மாநிலத்தின் பேரால் யார் மீது வழக்குத் தொடுப்பது என்பதில் அந்த அதிகாரியின் கை மிக நீளமான கை.

ஆனால் தோழர்களே, ஓட்டுப் போட்டவன் யார், ஓட்டு மறுக்கப்பட்டவன் யார் என்ற கேள்வியை அந்தக் கனவான்கள் கேட்பதில்லை. நாம் கேட்போம். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில் 1954ல் நடந்த அட்டார்னி ஜெனரல் தேர்தலை எடுத்துப் பார்ப்போம்.

ஓட்டையும் திருடினர், ஆளையும் சுட்டனர்

அலபாமாவின் எல்லையில் பீனிக்ஸ் சிட்டி என்று ஓர் ஊர். ஆற்றுக்கு அக்கரையில் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். பக்கத்திலேயே ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம். சிப்பாயின் சம்பளமும் ஆலைத் தொழிலாளியின் கூலியும் பாலத்தைத் தாண்டினால் போதும், சூதாட்டக்காரனின் பெட்டியில் போய் விழுந்துவிடும். பித்தலாட்டப் பகடை, கள்ளச் சீட்டு, விபசார விடுதி எல்லாம் பகிரங்கமாகவே நடந்தன. கேட்க வேண்டிய போலீசாரும் அதிகாரிகளும் கும்பலுக்கு உடந்தை. வேலியே பயிரை மேய்ந்தது!

அவ்வூர் வக்கீல் ஆல்பர்ட் பாட்டர்சன் 1954ல் அட்டார்னி ஜெனரல் பதவிக்கு நின்றார். “இந்தச் சூதாட்டக் கும்பலை ஒழிப்பேன்” என்பதே அவருடைய வாக்குறுதி. அந்நாளில் அலபாமாவில் டெமாக்ரடிக் கட்சியின் உள்தேர்தலில் ஜெயித்தவருக்கே பதவி. பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அந்த உள்தேர்தலின் இறுதிச் சுற்றில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் பாட்டர்சன் முந்தினார்.

கும்பல் சும்மா இருக்குமா? பர்மிங்ஹாம் நகரம் உள்ள ஜெபர்சன் ஜில்லாவின் வாக்குக் கணக்கில் எண்கள் திருத்தப்பட்டன. எதிராளிக்குச் சில நூறு ஓட்டுகள் திடீரென்று முளைத்தன! இந்தத் திருட்டில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அப்போது பதவியில் இருந்த அட்டார்னி ஜெனரல் சைலஸ் காரெட்! சட்டத்தின் காவலர் என்று சம்பளம் வாங்கியவர்!

இத்தனைக்கும் பிறகு பாட்டர்சனே வென்றார். ஆனால் பதவியேற்க அவர் உயிரோடு இல்லை. 1954 ஜூன் 18ந் தேதி இரவு, தம் ஆபீசுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜில்லாவின் தலைமைத் துணை ஷெரீப் ஆல்பர்ட் புல்லர்தான் கொலையாளி என்று 1955ல் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு வக்கீல் ஆர்ச் பெரல் விடுதலையானார். காரெட் கடைசிவரை விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை. சின்ன மீன் வலையில். பெரிய மீன் ஆற்றில்!

ஊரெங்கும் கொதித்த பிறகுதான் கவர்னர் விழித்துக்கொண்டார். பீனிக்ஸ் சிட்டியில் ராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. சூதாட்ட இயந்திரங்கள் நொறுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான வழக்குகள் பதிவாயின.

மகன் வந்தார், சங்கத்தை மூடினார்

தந்தையின் இடத்தில் மகன் ஜான் பாட்டர்சன் நிறுத்தப்பட்டு 1955ல் அட்டார்னி ஜெனரல் ஆனார். “தியாகியின் மகன், கும்பலை ஒழிக்க வந்தவர்” என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. சூதாட்டக் கும்பல் ஒழிந்தது மெய். அதற்கான பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து அவர் யார் மீது பாய்ந்தார்?

1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்தின் கறுப்பின மக்கள், பஸ்ஸில் நிறவேற்றுமையை எதிர்த்துப் பகிஷ்காரம் தொடங்கினார்கள். வீட்டு வேலைக்காரிகளும் கூலிக்காரர்களும் 381 நாட்கள் பஸ் ஏற மறுத்தார்கள். இந்தப் போராட்டத்தையும், மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவி சேர முயன்றதையும் ஆதரித்தது என்.ஏ.ஏ.சி.பி. என்னும் கறுப்பின மக்களின் சங்கம். அதுதான் குற்றம்!

வெளிமாநில ஸ்தாபனம் முறைப்படி பதிவு செய்துகொள்ளவில்லை என்று சாக்குச் சொல்லி ஜான் பாட்டர்சன் கோர்ட்டுக்குப் போனார். சங்கத்தின் தரப்பைக் கேட்காமலே 1956 ஜூன் 1ந் தேதி நீதிபதி தடையுத்தரவு போட்டார். அடுத்து, “உன் உறுப்பினர் பட்டியலைக் கொடு!” என்று சர்க்கார் கேட்டது. சங்கம் மறுத்தது. முதலில் 10,000 டாலர் அபராதம். சில நாட்களிலேயே அது 1,00,000 டாலர் ஆயிற்று.

தோழர்களே, பட்டியல் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டுமா? சங்கத்தில் சேர்ந்தவர்களின் பேரை மேஸ்திரி எழுதிக்கொண்டு போனால், மறுநாள் ஆலை கேட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொடி பிடித்தவன் யார் என்று பண்ணையாருக்குத் தெரிந்தால் அறுவடைக்கு யாரைக் கூப்பிட மாட்டார் என்றும் தெரியும். அலபாமாவிலும் அதே கதைதான். செல்மா நகரில் 1955ல், பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாது என்ற மனுவில் கையெழுத்திட்டவர்களில் பலர் வேலையை இழந்தார்கள். பட்டியல் கொடுத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும்!

சங்கம் பட்டியலைக் கொடுக்கவில்லை. 1958ல் சுப்ரீம் கோர்ட்டும் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அப்படியும் மாநிலக் கோர்ட்டுகள் இழுத்தடித்தன. வழக்கு நான்கு முறை சுப்ரீம் கோர்ட்டுப் படியேறியது. 1964 வரை, எட்டு ஆண்டுகள், அலபாமாவில் அந்தச் சங்கத்துக்குப் பூட்டு! சூதாட்ட விடுதியைப் பூட்டிய அதே சட்டத்தின் கை போட்ட பூட்டு!

இதற்குக் காரணம் என்ன?

ஒரு மனிதரின் கெட்ட குணம் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. முதுமையில் ஜான் பாட்டர்சன் தம் நிறவெறி அரசியலுக்காக வருந்தினார். ஆனால் 1958ல் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெறிக் கும்பலின் ஆதரவோடு கவர்னர் நாற்காலியைப் பிடித்தவரும் அவரே. வருத்தம் பின்னால் வந்தது. ஓட்டு முன்னால் வந்தது.

யாருடைய ஓட்டு? 1901ல் வகுத்த மாநில அரசியல் சட்டம் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. ஓட்டுப் போடத் தலைவரி கட்டு, எழுத்துப் பரீட்சை எழுது என்று கண்ணி மேல் கண்ணி வைத்தது. அந்தக் கண்ணியில் ஏழை வெள்ளைத் தொழிலாளியும் சிக்கினான். மாநிலத் தேர்தல்களில் தலைவரி 1966ல்தான் ஒழிந்தது. பருத்திக் காட்டில் உழைக்கும் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த லவுண்ட்ஸ் ஜில்லாவில், 1965ன் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரே ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை! அவர்களை நசுக்கினால் அட்டார்னி ஜெனரலுக்கு ஓட்டு குறையாது, கூடும். சட்டம் அந்தக் கணக்கைப் பார்த்தே நடந்தது.

கணக்கு மாறியது எப்படி?

கோர்ட்டின் கருணையால் மாறவில்லை. 1965 மார்ச் 7ந் தேதி செல்மா பாலத்தில் தடியடியும் கண்ணீர்ப் புகையும் பட்டவர்கள் மாற்றினார்கள். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஓட்டுப் பதிவு செய்த லவுண்ட்ஸ் குத்தகை விவசாயிகளை நிலச்சொந்தக்காரர்கள் குடிசையிலிருந்து விரட்டினார்கள். சாலையோரத்தில் கூடாரம் அடித்துக் குளிரில் நடுங்கினார்களே தவிர, அவர்கள் பெயரை வாபஸ் வாங்கவில்லை.

விளைவைப் பாருங்கள்! 1963ல் பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் வெறியர்கள் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். கொலைக் குற்றத்துக்கு ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. 1970 தேர்தலில் பில் பாக்ஸ்லி அட்டார்னி ஜெனரல் ஆனார். கறுப்பின மக்களும் திரளாக வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்த காலம் அது. அவர் அந்த வழக்கைத் தோண்டி எடுத்தார். 1977ல் ராபர்ட் சாம்ப்ளிஸ் என்ற க்ளான் வெறியன் ஆயுள் தண்டனை பெற்றான். மாநிலம் அதே, நாற்காலி அதே. ஓட்டுப் போட்டவர்கள் வேறு!

போராடிப் பெற்றது என்றென்றும் நிலைத்துவிடும் என்று தூங்கிவிடவும் முடியாது. அதே அலபாமாவின் ஷெல்பி ஜில்லா தொடுத்த வழக்கில், 2013ல் சுப்ரீம் கோர்ட்டு வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பையே முறித்தது. தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய சர்க்காரின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு அதோடு செயலிழந்தது.

சட்ட அதிகாரியை ஜனங்கள் தேர்ந்தெடுப்பது நல்லதா என்று கேட்டால், நல்லதுதான் என்போம். ஆனால் அந்த ஜனங்களில் உழைப்பவன் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். உழைப்பவன் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏற வேண்டும். அவன் சங்கத்தின் பட்டியல் முதலாளி கைக்குப் போகக் கூடாது. அலபாமாவின் பருத்திக் காட்டுக் கூலிகள் இந்த இரண்டுக்கும் வேலையைக் கொடுத்தார்கள், வீட்டைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அவர்கள் பக்கம் சட்டம் ஓரடி நகர்ந்தது என்றால், அவர்கள் நகர்த்தியதால் நகர்ந்தது!