புக் கிரிக்கெட்டும் பந்தய ஆப்பும் ஒண்ணா?

"நீங்க சின்ன வயசுல புக் கிரிக்கெட் ஆடலயா? ஃபேன்டஸி ஆப்பும் அதே மாதிரிதான்"னு ஒரு வாதம் இன்னமும் சுத்துது. சுத்தப் பேத்தல் மக்களே!

புக் கிரிக்கெட் என்ன? புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்கணும். இடது பக்க எண்ணோட கடைசி இலக்கம்தான் ரன். 0 வந்தா அவுட். படவேட்டுல எங்க செட்டுக்கு 8 வந்தா ரன் கிடையாது. இடது பக்கம் எப்பவும் இரட்டை எண்ணுங்கறதால அஞ்சுல ஒரு தடவை அவுட். கணக்குப் போட்டா விக்கெட்டுக்குச் சராசரியா 12 ரன், டீமுக்கு 120. டெண்டுல்கருக்கும் 12தான், வெங்கடபதி ராஜுவுக்கும் 12தான்!

அமெரிக்காவுல 1961-லயே ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்னு பேஸ்பாலை அட்டையும் பகடையுமா வித்தாங்க. ஆளுக்கொரு அட்டை, அவரோட நிஜ ஆட்டக் கணக்குப்படி. நம்மளதைவிட நுணுக்கம்தான். ஆனா பெட்டிக்குக் காசு குடுத்ததோட சரி. தோத்தவன் பாக்கெட்ல யாரும் கை விடல.

ஆப் அப்படியா? மேட்ச்சுக்கு மேட்ச் நுழைவுக் கட்டணம். சேர்ற பணத்துல கம்பெனி தன் பங்கை எடுத்துட்டுதான் மிச்சத்தைப் பரிசாக் குடுக்கும். ஆக, ஆடறவங்க மொத்தமா எப்பவுமே நஷ்டத்துலதான்.

2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததும் ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்திடுச்சு. அதுக்குப் போய் "பால்யம் போச்சே"ன்னு கண்ணைக் கசக்காதீங்க. ஆரணிப் பக்கம் ஒரு பட்டுச்சேலை நெய்ய நாள்கணக்குல தறியில உக்காரணும். அந்தக் கூலி ஒரே ராத்திரியில போறது விளையாட்டா?

நாங்க இழந்ததெல்லாம் வரலாறு புத்தகத்தோட அட்டைதான் சாமி!